கோடரியில் மாறும் எண்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் வெல்கிறவர்களுக்குக் கிடைப்பது ஒரு கோடரியின் தலை. அதை மரப்பலகையில் பதித்து, ஆண்டு வாரியாக ஆட்ட முடிவுகளையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் 1982-ஆம் ஆண்டுக்குரிய எண்கள் மட்டும் நிலையாக நிற்பதில்லை. கோடரி பெர்க்லியில் இருக்கும்வரை அங்கே கலிஃபோர்னியா 25, ஸ்டான்ஃபோர்டு 20 என்றிருக்கும். ஸ்டான்ஃபோர்டு வென்று கோடரியை எடுத்துப்போனதும் ஸ்டான்ஃபோர்டு 20, கலிஃபோர்னியா 19 என்று மாற்றிவிடுகிறார்கள். கோடரி பெர்க்லிக்குத் திரும்பினால் பழைய எண்களும் திரும்பிவிடும். மாணவர் குறும்பு என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றை நேசிப்பவர் அதைப் பற்றி உண்மையாகச் சாட்சி சொல்ல முடியுமா என்ற பழைய கேள்வி அந்தப் பலகையில் கண்ணெதிரே நிற்கிறது. சமயங்கள் தம் அடியார்களின் நினைவையே அடித்தளமாகக் கொண்டவை. அந்த நினைவு பற்றினால் திரிந்தது என்று ஐயம் கொள்பவர்கள் எப்போதும் உண்டு. உயிர் போகும் காரியங்களில் இந்தக் கேள்வியை நிதானமாக எடுத்துப் பேச முடிவதில்லை. ஓர் ஆட்டத்தில் முடியும்.

முதலில் ஆட்டம். 1982 நவம்பர் 20, பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம். 1892-இல் தொடங்கிய தொடரில் அது 85-ஆவது மோதல். 'பிக் கேம்' என்பதே அந்த ஆட்டத்தின் பெயர். ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக் ஜான் எல்வே பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்றவர். அன்று ஆடியது அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம். முடியும் தறுவாயில் கலிஃபோர்னியா 19-17 என்று முன்னிலையில் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு தன் எல்லைக் கோட்டுக்கு அருகே, நான்காவது முயற்சியில், 17 கெஜம் கடந்தாக வேண்டிய நிலையில் நின்றது. அது தவறினால் மறுவாய்ப்பு இல்லை. எல்வே எறிந்த பந்து 29 கெஜம் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து படிப்படியாக முன்னேறி, மார்க் ஹார்மன் ஃபீல்டு கோல் அடித்தபோது ஸ்டான்ஃபோர்டு 20-19. கடிகாரத்தில் மிச்சம் 4 வினாடி. கொண்டாட்டத்தில் வரம்பு மீறியதற்காக ஸ்டான்ஃபோர்டுக்கு 15 கெஜம் தண்டனை விதிக்கப்பட, ஹார்மன் அவ்வளவு தூரம் பின்னால் போய்ப் பந்தைத் தரையோடு உருளும்படி உதைத்தார். கலிஃபோர்னியாவின் கெவின் மோன் அதை எடுத்து ரிச்சர்ட் ராட்ஜர்ஸுக்கு எறிந்தார். ராட்ஜர்ஸ் ட்வைட் கார்னருக்கு. கார்னர் மறுபடி ராட்ஜர்ஸுக்கு. அவர் மேரியட் ஃபோர்டுக்கு. ஃபோர்டு, விழும்போதே தோளுக்கு மேலாகப் பின்னே வீசியது மீண்டும் மோனுக்கு. ஐந்து முறை கைமாறிய பந்து. இடையில் கார்னரைச் சூழ்ந்து அமுக்கியபோது ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக் குழு களத்துக்குள் இறங்கிவிட்டது. மோன் அந்த வாத்தியக்காரர்களுக்கு ஊடே ஓடி, எல்லைக்குள் நுழைந்து, கேரி டிரெல் என்ற டிராம்போன் வாசிப்பவர் மேல் போய் விழுந்தார். 1906 முதல் 1914 வரை இந்த இரு பல்கலைக்கழகங்களும் கால்பந்தைக் கைவிட்டு ரக்பி ஆடின. பந்தைப் பின்னோக்கி எறிந்து எறிந்து முன்னேறுவது ரக்பியின் வழி. எழுபது ஆண்டு உறங்கிக் கிடந்த பழக்கம் அந்த மண்ணிலிருந்து எழுந்து வந்ததுபோல் அது இருந்தது என்று சொல்ல ஆசை வருகிறது. சான்று இல்லாததால் ஆசையோடு விட்டுவிடுகிறேன்.

நடுவர் சார்லஸ் மாஃபெட் துணை நடுவர்களைக் கூட்டிக் கேட்டார். யாரும் ஆட்டத்தை நிறுத்தி விசில் ஊதியிருக்கவில்லை. களத்தில் இறங்கியது ஸ்டான்ஃபோர்டு தரப்பினர், ஆகவே குற்றமும் அவர்களுடையதே. மாஃபெட் இரு கைகளையும் உயர்த்தினார்: கலிஃபோர்னியா 25-20. இரண்டு ஐயங்கள் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை. கார்னர் பந்தை விடுவதற்கு முன் அவர் முழங்கால் தரையைத் தொட்டுவிட்டதா? ஃபோர்டின் கடைசி எறிதல் முன்னோக்கிப் போனதா? இரண்டில் ஒன்று ஆமென்றாலும் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் காட்சிப் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்ப்பு மாற்றும் முறை அப்போது வரவில்லை. நான்கு நாள் கழித்து ஸ்டான்ஃபோர்டு மாணவ நாளிதழ்க்காரர்கள் பெர்க்லி மாணவ நாளிதழைப் போலவே ஒரு போலி இதழ் அச்சிட்டு, ஆட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கே என்று கல்லூரி விளையாட்டுகளின் தேசியச் சங்கம் தீர்ப்பளித்துவிட்டதாக எழுதி, அதை பெர்க்லி வளாகத்திலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒரு ரசிகர் இந்த ஆட்டத்தை நினைவுகூரும்போது என்னதான் நடக்கிறது? விறுவிறுப்பு என்பது முடிவு தெரியாத நிலையில் பிறப்பது. நினைவுக்கோ முடிவு தெரியும். தெரிந்த ஒன்றில் தெரியாமையின் நடுக்கத்தை எப்படி மீட்பது? இருந்தும் ரசிகர்கள் மீட்கிறார்கள். சில வினாடி ஓட்டத்தை நான்கு நிமிடமாகச் சொல்கிறார்கள், கார்னர் விழும் இடத்தில் ஒரு கணம் நிறுத்துகிறார்கள், கேட்பவர் முகத்தைப் பார்க்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தன் 'ஒப்புதல்கள்' நூலை எழுதத் தொடங்கிய புனித அகுஸ்தீன், அதன் பதினோராம் பகுதியில் காலத்தை விளக்க ஓர் உதாரணம் காட்டுகிறார். மனப்பாடமான திருப்பாடலை ஒருவர் பாடத் தொடங்குமுன் அது முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பாடப் பாட, எதிர்பார்ப்பிலிருந்து சொல் சொல்லாக நினைவுக்குள் இறங்குகிறது. பாடல் முன்பே தெரியும் என்பது எதிர்பார்ப்பைக் கெடுப்பதில்லை. வழிபாடு எல்லாமே இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. தேவாலயத்தில் பாடுகளின் வாரத்தை அனுசரிப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்று தெரியும். வெள்ளிக்கிழமையின் துயரம் அதனால் பொய்யாகிவிடாது. ரசிகரின் மறுசொல்லலும் இந்த இனத்தைச் சேர்ந்தது. தகவலைப் பாதுகாத்து வைப்பது அதன் முதல் வேலையாக இருப்பதில்லை. நடந்ததை மறுபடி நடக்கவிட்டு, அதற்குள் மறுபடி நின்று பார்ப்பதுதான் அதன் வேலை. அப்படிப்பட்ட நினைவிடம் உண்மையை எதிர்பார்க்கலாமா?

இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாய தரிசனம் நினைவைப் பிரமாணங்களின், அதாவது நம்பகமான அறிவுக் கருவிகளின், வரிசையில் சேர்ப்பதில்லை. நேரில் காண்பது புதிதாக ஒன்றை அறிவிக்கிறது, நினைவு முன்பு அறிந்ததைத் திருப்பித் தருகிறது. காட்சி பிழையானால் நினைவும் பிழை. காட்சி சரியானாலும் அந்தப் பெருமை நினைவுக்குச் சேராது. சமண தருக்கவாதிகள் இதை ஏற்கவில்லை. அவர்கள் நினைவையும் பிரமாணம் என்றார்கள், நேரடி அல்லாத அறிவில் ஒரு வகையாக. ஊகம் செய்வதற்கே முன்பு கண்ட தொடர்பு நினைவில் இருந்தாக வேண்டும், நினைவைத் தள்ளினால் ஊகமும் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. இருவர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் ரசிகரின் விஷயத்தில் சிக்கல் அதற்கும் முன்பே, காட்சியிலேயே தொடங்குகிறது. அதற்கு நல்ல சான்று இன்னொரு கல்லூரி ஆட்டத்தில் இருக்கிறது.

1951 நவம்பர் 24-இல் பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரர் டிக் காஸ்மயர் மூக்குடைந்து வெளியேறினார். டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று வென்றது. டார்ட்மத்தின் ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், பிரின்ஸ்டனின் ஹாட்லி காண்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு வளாகங்களிலும் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள், ஆட்டத்தின் படச்சுருளையும் ஓட்டிக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். முரட்டுத்தனத்தைத் தொடங்கியது டார்ட்மத்தான் என்று பிரின்ஸ்டன் மாணவர்களில் 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். டார்ட்மத் மாணவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 36 விழுக்காடு. ஒரே படச்சுருளில் டார்ட்மத் அணியின் விதிமீறல்களாக டார்ட்மத் மாணவர்கள் சராசரியாக 4.3 கண்டார்கள், பிரின்ஸ்டன் மாணவர்கள் 9.8. அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் வருகிறது. தொலைவில் வாழ்ந்த டார்ட்மத் பழைய மாணவர் ஒருவர் படச்சுருளை வரவழைத்துப் பார்த்துவிட்டு, தான் கேள்விப்பட்ட முறைகேடுகள் எதுவும் அதில் தென்படாததால், வெட்டி எடுத்த பகுதிகளை அனுப்பும்படி தந்தி அடித்தாராம். படத்தில் எதுவும் வெட்டப்பட்டிருக்கவில்லை. அவர் பொய்யர் இல்லை. தன் பிள்ளைகள் செய்ததைத் தாய் பார்ப்பதுபோலப் பார்த்தார். கட்டுரை 1954-இல் வெளிவந்து உளவியலில் நிலைத்த இடம் பெற்றது. ஹாஸ்டார்ஃப் பின்னர் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், 1982-இல் அந்த ஐந்து எறிதல்களும் நடந்த நாளில், அங்கே கல்வித்துறை நிர்வாகத்தின் தலைமைப் பதவியான ப்ரோவோஸ்ட் பொறுப்பில் இருந்தார் என்பதை எண்ணும்போது சிலிர்க்கிறது.

எல்லோருக்கும் பொதுவாக வெளியே கிடக்கும் 'ஆட்டம்' என்று ஒன்று இல்லை, அவரவர் அனுபவத்தில் அவரவருக்கு முக்கியமானதே ஆட்டமாகிறது என்ற முடிவுக்கு அந்த ஆய்வாளர்கள் வந்தார்கள். இங்கே நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. உடைந்த மூக்கு டார்ட்மத் கண்களுக்கும் உடைந்த மூக்குதான். 13-0 என்பதை இரு வளாகத்திலும் யாரும் மறுக்கவில்லை. 4.3, 9.8 என்ற இரண்டு எண்களை ஒப்பிட்டு வியப்பதற்கே ஒரு படச்சுருள் வேண்டியிருந்தது. அது இருவருக்கும் வெளியே இருந்தது. பெர்க்லி ஆட்டத்திலும் இரண்டு விஷயங்களைப் பிரித்தாக வேண்டும். கார்னரின் முழங்கால் தொட்டதா இல்லையா என்பது நடந்த செயல் பற்றிய கேள்வி. அதற்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு, நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஆட்ட முடிவு என்ன என்பது வேறு வகைக் கேள்வி. அதிகாரம் பெற்ற ஒருவர் கைகளை உயர்த்தியதால் பிறந்த முடிவு அது. முழங்கால் தொட்டிருந்தாலும்கூட அது 25-20 தான். ஆகவே ஸ்டான்ஃபோர்டு பலகையில் எழுதும் 20-19 தவறு. இதில் நான் தயங்கவில்லை. இருந்தும் அதைப் பொய் என்று அழைக்க மனம் வரவில்லை. பொய் மறைவில் வேலை செய்யும். இந்த எண்களை மாற்றுகிறவர்கள், அவற்றை அழித்துச் சரிசெய்யப் போகிறவர்கள் யாரென்று தெரிந்தே, அவர்கள் கண் முன்னாலேயே மாற்றுகிறார்கள். நீதி வேறாக இருந்திருக்க வேண்டும் என்ற முறையீட்டை அவர்கள் எண்களின் வடிவில் எழுதுகிறார்கள் என்றுதான் படிக்கிறேன்.

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பற்றுள்ள நினைவை உண்மையோடு கட்டி வைத்திருப்பது பற்றின்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம்: விருப்பு வெறுப்பற்றவனே நல்ல சாட்சி என்று. ஆனால் விருப்பு வெறுப்பற்றவர் இந்த ஆட்டத்தை நினைவிலேயே வைத்திருக்க மாட்டார். நாற்பது ஆண்டு கழித்தும் கார்னரின் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பற்றுள்ளவர்கள் மட்டுமே. அவர்களுள் ஒருவரை உண்மையில் நிறுத்துவது அதே அளவு பற்றோடு மறுபக்கம் நிற்பவர். போட்டியாளன் என் நினைவுக்குப் பகை போலத் தெரிந்தாலும், அதைக் காவல் காப்பவன் அவன்தான். ரசிகர் நினைவைப் பற்றி 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிகளின் ரசிகர்களிடம், ஆளுக்கு ஒன்றாக அந்த அணிகள் வென்ற 2003, 2004 தொடர்களின் இறுதி ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். தம் அணி வென்ற ஆட்டத்தையே ரசிகர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். இன்பமான ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பேசியதே அதற்குக் காரணம் என்பது ஆய்வாளர் விளக்கம். இதன் பொருளைச் சற்று நீட்டிப் பாருங்கள். என் தோல்வியின் விவரங்கள் என்னிடம் தேய்ந்துபோகின்றன. அவை கூர்மையோடு இருப்பது என்னை வென்றவனிடம். அவன் தோல்வியின் விவரம் என்னிடம். இருவர் நினைவையும் சேர்த்து வைத்தால்தான் அந்தப் போட்டியின் வரலாறு முழுமையாகும்.

ஒற்றை நினைவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளாது என்பதற்கு உளவியலாளர் உல்ரிக் நைசரின் நினைவு சான்று. 1941 டிசம்பர் 7-இல், பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியை, வானொலியில் பேஸ்பால் ஆட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருக்கும்போது இடைமறித்துச் சொன்னதாகப் பல்லாண்டுக் காலம் அவர் தெளிவாக நினைவில் வைத்திருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஆட்டம் கிடையாது என்பது நெடுநாள் கழித்தே அவருக்கு உறைத்தது. நினைவு முழுவதும் கற்பனை என்று அவர் எண்ணினார். பிறகு வேறு இரு ஆய்வாளர்கள், அன்று வானொலியில் ஒலிபரப்பானது ஒரு கால்பந்து ஆட்டம் என்றும், மோதிய இரு அணிகளின் பெயர்களும் அக்கால நியூயார்க் பேஸ்பால் அணிகளின் பெயர்களேதான் என்றும் எடுத்துக் காட்டினார்கள். ஜயண்ட்ஸ், டாட்ஜர்ஸ். ஆக நினைவு பாதி சரி. அதை நைசரே தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த எண்ணத்துக்குத் தத்துவத்தில் ஒரு முன்னோடி உண்டு, அவர் அந்த மண்ணின் பிள்ளையும்கூட. கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி என்ற சுரங்க ஊரில் 1855-இல் பிறந்த ஜோசையா ராய்ஸ் 1875-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். பின்னர் ஹார்வர்டில் கற்பித்து, 1908-இல் விசுவாசத்தைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஒருவர் தன்னைவிடப் பெரிய ஒன்றுக்கு மனமுவந்து தன்னை ஒப்படைப்பதில்தான் ஒழுக்கம் தொடங்குகிறது என்பது அவர் கருத்து. கொள்ளைக் கூட்டத்துக்கும் விசுவாசிகள் உண்டே என்ற கேள்வி உடனே எழும். அதற்கு ராய்ஸ், விசுவாசம் என்ற பண்புக்கே விசுவாசமாக இருப்பது என்று ஓர் அளவுகோல் தந்தார். என் விசுவாசம் பிறருடைய விசுவாசத்தை வளர்க்குமானால் நல்லது, அதை அழிக்குமானால் தீது. எதிராளியின் பற்றைக் கண்டு அதை மதிக்கத் தெரிந்த பற்றே முதிர்ந்த பற்று. ஐந்தாண்டு கழித்துக் கிறிஸ்தவத்தைப் பற்றி எழுதிய நூலில், ஒரு சமூகத்தைச் சமூகமாக்குவது பொதுவான நினைவும் பொதுவான நம்பிக்கையும் என்றார். தம் பிறப்புக்கு முன் நடந்ததையும் தமக்கே நடந்ததாக உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்வதில் சமூகம் உருவாகிறது. 1982-க்குப் பின் பிறந்த பெர்க்லி மாணவர் 'நாம் வென்றோம்' என்கிறார். அந்த 'நாம்' எப்படிப் பொருள்படுகிறது என்பதை ராய்ஸைப்போல் விளக்கியவர் அரிது. அவரோடு நான் ஓர் அடி கூடுதலாகப் போகிறேன்: நினைவுச் சமூகத்தின் எல்லை நம் அணியோடு முடிவதில்லை. அதே ஆட்டத்தின் நினைவை மறுபக்கத்திலிருந்து சுமப்பவர்களும் அதன் உறுப்பினர்களே. கேரி டிரெலும் கெவின் மோனும் பின்னாளில் ஆண்டு நினைவு நிகழ்ச்சிகளில் சேர்ந்து நின்றது இதைத்தான் காட்டுகிறது என்று கருதுகிறேன்.

எதிர்வாதங்களில் கனமானது அகுஸ்தீனிடமிருந்தே வருகிறது. தன் நண்பர் அலிபியஸைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கிளாடியேட்டர் சண்டைகளை வெறுத்த அலிபியஸை நண்பர்கள் வலிந்து அரங்குக்கு இழுத்துப் போனார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டத்தின் ஒரு பேரொலி கண்ணைத் திறக்க வைத்தது. அத்தோடு அவர் வந்தபோதிருந்த மனிதராக இல்லை, கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். காதை மூட மறந்தார் என்பதுதான் அதில் நுட்பம். ரசிகரின் நினைவும் இப்படிக் கூட்டத்திடம் கடன் வாங்கியது, அவருடையதென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று ஒருவர் வாதிடலாம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எழுபதாயிரம் பேர் கொண்ட அரங்கின் ஓசை தனி மனிதனின் தீர்மானத்தைக் கரைக்கக்கூடியது. விளையாட்டுக் கூட்டங்களின் வெறியைப் பற்றி ராய்ஸும் கவலையோடு பேசியிருக்கிறார். ஆனால் அலிபியஸின் அரங்கில் எல்லோரும் ஒரே பக்கம் இருந்தார்கள்: இரத்தத்தின் பக்கம். சாகப்போகிறவனின் பக்கம் நின்று நினைவுகொள்ள அங்கே யாரும் இல்லை. பிக் கேம் அரங்கில் பாதி ஆர்ப்பரிக்கும்போது பாதி விக்கித்து நிற்கிறது. என் களிப்பின் நடுவில், அதே நிகழ்ச்சியை வேறாகப் பார்க்கும் முகங்கள் எதிர் வரிசையில் தெரிகின்றன. ஒற்றைக் கூட்டத்தின் போதைக்கும் இரு பக்கக் கூட்டத்தின் கொதிப்புக்கும் இந்த வேறுபாடு பெரிது.

காட்சிப் பதிவு இருக்கும்போது இத்தனை பேச்சு எதற்கு என்று இன்னொருவர் கேட்பார். பதிவுக்கு நினைவைத் திருத்தும் உரிமை உண்டு, அதை மறுக்கவே முடியாது. தந்தி அடித்த பழைய மாணவர் படத்தை நம்பியிருக்க வேண்டும். ஆயினும் பெர்க்லி ஆட்டத்தின் பதிவில், கார்னரை மூடிய உடல்களுக்குள் கேமரா நுழையவில்லை. ஆயிரம் முறை ஓட்டினாலும் அந்தக் குவியல் குவியலாகவே இருக்கிறது. பதிவு தீர்த்துவைக்கக்கூடிய ஆட்டங்களிலும்கூட, தான் எதைக் காட்டுகிறோம் என்று பதிவுக்குத் தெரியாது. கார்னர் விழும் கணத்தில் 'முடிந்தது' என்று ஒரு பாதி மூச்சு விட்டதும் மறுபாதி மூச்சடக்கியதும் அதில் இல்லை. அவை நிகழ்ச்சியின் பகுதிகள் இல்லையென்றால், சில வினாடி ஓட்டத்தை யாரும் நாற்பது ஆண்டு பேசியிருக்க மாட்டார்கள்.

என் வாதம் எங்கே செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்க நினைவும் ஒன்றையொன்று காக்கும் என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அதை அந்தக் கோடரியின் கதையே சொல்கிறது. 1899-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கொண்டுவந்த கோடரியை பெர்க்லி மாணவர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். 31 ஆண்டுக் காலம் அது வங்கிப் பெட்டகத்தில் பெர்க்லியின் சொத்தாகவே கிடந்தது. ஆண்டுக்கொரு முறை பேரணிக்கு மட்டும் வெளியே வந்தது. 1930-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் 21 பேர் அதை மீட்டுப் போனார்கள். 1933-இல்தான் இரு தரப்பும் பேசி, வெல்கிறவரிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பெட்டகத்தில் இருந்தபோது கோடரி நினைவின் சின்னமாக இருக்கவில்லை, கொள்ளைப் பொருளாகத்தான் இருந்தது. அது பேசியதெல்லாம் ஒரே குரல். கைமாறத் தொடங்கிய பிறகுதான் அதற்கு இரு குரல் வந்தது. ஆகவே போரையும் இனக்கொலையையும் பற்றிய நினைவுகளுக்கு இந்த ஆட்டத்தின் பாடத்தை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. அங்கே ஒரு தரப்பின் கையில் பலகை நிரந்தரமாக இருக்கிறது, மறுதரப்புக்கு எழுத எழுத்தாணியும் இல்லை. அத்தகைய இடத்தில் 'இரு தரப்புக்கும் அவரவர் நினைவு' என்று பேசுவது வென்றவனுக்குத் துணைபோவதாகும். அங்கே முதலில் வேண்டியது கோடரி பெட்டகத்தை விட்டு வெளியே வருவது. சமயங்களுக்கிடையேயான பழைய கணக்குகளிலும் இதுவே என் நிலை: எதிர்த் தரப்பு அடியாரின் நினைவைச் சாட்சியாக அழைக்க விரும்புகிறவர், அவர் எழுதும் பலகையும் நம் கண்ணெதிரே மாட்டப்படட்டும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கார்னர் இன்றுவரை தன் முழங்கால் தரையில் படவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறார். குவியலுக்கு அடியில் இருந்தவர் அவர். அவர் உடல் அறிந்ததை வேறு யாரும் அறிந்திருக்க முடியாது. அவரை அமுக்கிய ஸ்டான்ஃபோர்டுக்காரர்களும் அந்த முழங்காலுக்கு அவ்வளவு நெருக்கத்தில்தான் இருந்தார்கள். ஆட்டம் அங்கேயே முடிந்தது என்பது அவர்கள் பக்கத்தின் உறுதி. எல்லைக் கோட்டுக்கு அப்பால், பந்து வந்து சேரப்போகும் சரியான இடத்தில், ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பியபடி டிரெல் நின்றிருந்தார். அவர் டிராம்போன் இப்போது கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறது.